கப்பல் கொட்டிய எண்ணெய்க்கு யார், எவ்வளவு தரணும்? எண்ணூரிலிருந்து ஒரு கேள்வி

எர்ணாவூர்_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு வருஷத்துக்கு மேலாக எனக்குள் கிடக்கிற கேள்வி இது.

2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பி.டபிள்யூ. மேப்பிள். மற்றது பெட்ரோலியப் பொருள் ஏற்றி உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். முதலில் கசிவே இல்லை என்று செய்தி வந்தது. அப்புறம் சில டன் என்றார்கள். கடைசியில் கணக்கு நூறு டன்னைத் தாண்டியது. கடலரிப்புக்குப் போட்ட கருங்கல் முழுக்கத் தார் பூசின மாதிரி ஆகிவிட்டது. வாளியால் அள்ளினார்கள், கையால் அள்ளினார்கள். நானும் இரண்டு நாள் அள்ளினேன். நகக்கண்ணிலிருந்து அந்த வாடை போக ஒரு வாரம் ஆனது.

அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு. தொழிலுக்குப் போக முடியவில்லை. போய் வந்தவர்களின் மீனையும் வாங்க ஆளில்லை. தெற்கே எவ்வளவோ தள்ளிப் பிடித்த மீனைக்கூட எண்ணெய் மீன் என்று ஒதுக்கினார்கள். நஷ்டம் கணக்கெடுக்க வந்தவர் அப்பாவிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு மீன்பாடு? எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன். ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

இப்போது கேரளாவைப் பாருங்கள். 2025 மே 25 அன்று ஆலப்புழைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. விழிஞ்ஞத்தில் நின்ற எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற வேறொரு கப்பலைப் பிடித்து வைத்தார்கள். பிணைத் தொகையை நீதிமன்றம் பிறகு 1,227.62 கோடி என்று நிர்ணயித்தது. 9,531 எங்கே, 1,227 எங்கே?

நான் கேட்பது இதுதான்: கப்பல் முதலாளி முழு நஷ்டத்தையும் தரவேண்டுமா, அல்லது அவருக்கு ஏதாவது வரம்பு உண்டா? உண்டு என்றால் அதை யார் கொடுத்தது?

கடல்வழக்கு:

வரம்பு உண்டு. கப்பல் வழக்குகளில் வேலை செய்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1967 மார்ச் 18 அன்று தொடங்குகிறது. டோரி கேன்யன் என்ற டாங்கர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். கொடி லைபீரியா, சொந்தக்கார கம்பெனி பெர்முடா, எண்ணெயைக் கொண்டுபோனது பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்காக. யாரைப் பிடிப்பது? அன்றைய அமெரிக்கச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு, விபத்துக்குப் பிறகு கப்பலில் மிஞ்சியதன் மதிப்பு வரைதான். மிஞ்சியது ஒரு உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 டாலர்.

பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? அதே முதலாளியின் இன்னொரு கப்பலான லேக் பலூர்ட் சிங்கப்பூருக்கு வரும்வரை காத்திருந்தது. ஒரு இளம் வழக்கறிஞர் கப்பலில் ஏறி நீதிமன்ற ஆணையைப் பாய்மரத்தில் ஒட்டினார். விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்துத்தான் மாலுமிகள் அவரை ஏற விட்டார்கள் என்பார்கள். பிரான்ஸ் அதே கப்பலை ரோட்டர்டாமில் பிடித்தது. கடைசியில் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்ட். விழிஞ்ஞத்தில் நடந்ததும் இதே வழிதான். கப்பல் மூழ்கிவிட்டால் அதன் உடன்பிறப்பைப் பிடி. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி (கடல் வழக்குகள்) சட்டம் இதற்கு இடம் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு.

டோரி கேன்யனுக்குப் பிறகு 1969இல் பிரஸ்ஸல்ஸில் உலக நாடுகள் கூடி, டாங்கர் கொட்டும் எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்று செய்த உடன்படிக்கையைச் சுருக்கமாக சி.எல்.சி. என்போம். இப்போது நடப்பில் இருப்பது அதன் 1992 வடிவம், இந்தியாவும் அதில் உண்டு. அதில் நடந்தது ஒரு பேரம். பாதிக்கப்பட்டவர் கப்பலின் தப்பை நிரூபிக்க வேண்டாம். எண்ணெய் கொட்டியது, நஷ்டம் ஆனது, அவ்வளவு போதும். போர், மனித சக்திக்கு மீறிய இயற்கைச் சீற்றம், வெளியாள் வேண்டுமென்றே செய்த நாசம், கலங்கரை விளக்கு போன்றவற்றைப் பராமரிப்பதில் அரசின் அலட்சியம் ஆகிய நான்கைத் தவிர முதலாளிக்கு வேறு சாக்கு இல்லை. இன்சூரன்ஸ் கட்டாயம். இன்சூரன்ஸ்காரர் மேலேயே நேரடியாக வழக்குப் போடலாம். இதற்கெல்லாம் பதிலாக முதலாளி வாங்கிக்கொண்டது வரம்பு.

வரம்பு கப்பலின் பருமனைப் பொறுத்தது. 5,000 டன்னேஜ் வரை 45.1 லட்சம் எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்குப் பணம் அது, ஒன்று ஒரு டாலருக்குச் சற்று மேல்.) அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 631. எவ்வளவு பெரிய கப்பலானாலும் 8.977 கோடியோடு நின்றுவிடும். 30,000 டன் டாங்கர் என்றால் சுமார் 2.03 கோடி எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் இருநூறு கோடிக்கு மேல். அதுவும் போதாவிட்டால் எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் கட்டும் பன்னாட்டு நிதியம் ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்த்து 20.3 கோடி எஸ்.டி.ஆர். வரை. இந்தியா அதற்குப் பணம் கட்டும் பெரிய நாடுகளில் ஒன்று.

உங்கள் எண்ணூர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே சரக்கு பத்திரமாக இருந்தது, வெளியே வந்தது கனரக எரிபொருள் எண்ணெய். டாங்கராக இருந்தால் அதன் சொந்த எரிபொருள் கொட்டினாலும் சி.எல்.சி. பொருந்தும். ஆனால் டாங்கரிலிருந்து பெட்ரோலே கொட்டியிருந்தால் பொருந்தாது! சீக்கிரம் ஆவியாகிவிடும் எண்ணெய் அந்த உடன்படிக்கையின் கணக்கில் எண்ணெயே இல்லை.

வடசென்னை_வாசி:

இதெல்லாம் நியாயமா? தப்பு பண்ணாலும் பண்ணாவிட்டாலும் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, மறு கையால் பூட்டுப் போடுவதா? ஒரு லாரிக்காரன் என் வீட்டுச் சுவரை இடித்தால் "என் லாரி இவ்வளவு டன், அதனால் பாதிச் சுவர்தான் கட்டித் தருவேன்" என்று சொல்ல முடியுமா?

கொரம்பள்ளம்_மேட்:

நான் கப்பலில் வேலை செய்பவன், தூத்துக்குடி. முதலாளிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும்.

2007 டிசம்பர் 7, தென்கொரியா. ஹெபெய் ஸ்பிரிட் என்ற டாங்கர் நங்கூரம் போட்டு நிற்கிறது. இழுத்துப் போன கம்பி அறுந்து ஒரு கிரேன் மிதவை வந்து மோதுகிறது. சுமார் 10,900 டன் கச்சா எண்ணெய் கடலில். நிற்கிற கப்பல் மேல் வந்து மோதியது மற்றவன். இருந்தாலும் மேலே அந்த அம்மா சொன்ன சட்டப்படி பணம் கட்டும் பொறுப்பு டாங்கரின் முதலாளிக்குத்தான். சரி, அது பணம். ஆனால் இந்தியக் கேப்டனையும் சீஃப் ஆபீசரையும் அந்த நாட்டை விட்டு அனுப்பவில்லை. 2009 ஜூன் வரை வீட்டு முகம் பார்க்கவில்லை. நடுவில் சிறையும் உண்டு.

பிரெஸ்டீஜ் கப்பல், ஸ்பெயின், 2002 நவம்பர். உடைந்துகொண்டிருந்த கப்பலை ஒதுங்க விடாமல் நடுக்கடலுக்கு அனுப்பினார்கள். ஆறு நாளில் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. வயதான கேப்டனை 83 நாள் உள்ளே வைத்துவிட்டு, பிணைக்கு 30 லட்சம் யூரோ கேட்டார்கள்.

கப்பலின் சொந்தக்காரன் ஒரு பெயர்ப்பலகை கம்பெனி. நடத்துபவன் வேறு ஊர், வாடகைக்கு எடுத்தவன் வேறு ஊர், கொடி வேறு ஊர். கையில் கிடைக்கிறவன் நாங்கள் மட்டும்தான். கேப்டனைச் சிறையில் போட்டால் டி.வி.யில் நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும். அதில் எர்ணாவூர் தம்பியின் அப்பாவுக்கு ஒரு ரூபாய் வராது.

வடசென்னை_வாசி:

மேட் அண்ணே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் வகாஷியோ என்ற கப்பலின் கேப்டன்? மொரிஷியஸ் கரைக்கு அத்தனை பக்கத்தில் போனது போன் சிக்னலுக்காகத்தானே?

கொரம்பள்ளம்_மேட்:

ஆமாம், அது தப்பு. 2020 ஜூலை 25. கப்பலில் ஒருவருக்குப் பிறந்தநாள், சிக்னல் கிடைக்கட்டும் என்று பாதையை மாற்றிக் கரையை ஒட்டிப் போனார்கள். பவளப்பாறையில் ஏறிவிட்டது. கேப்டன் இந்தியர், உடன் இருந்த அதிகாரி இலங்கைக்காரர். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 20 மாதத் தண்டனை. நான் அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் வீட்டுக் குரல் கேட்காமல் இருக்கிறவன் ஏன் சிக்னல் தேடினான் என்ற கேள்வியை முதலாளியிடமும் கேட்க வேண்டும்.

கடல்வழக்கு:

வகாஷியோவை எடுத்தது நல்லதாகப் போயிற்று. கேரள வழக்கைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான உதாரணம்.

வகாஷியோ டாங்கர் இல்லை, மொத்தச் சரக்குக் கப்பல். அதில் சரக்கும் இல்லை. கொட்டியது அதன் சொந்த எரிபொருள், கப்பல்காரர்கள் 'பங்கர்' என்பார்களே, அது. சுமார் ஆயிரம் டன். மாயேபூர் மக்கள் சாக்கில் கரும்புச் சோகையை அடைத்துத் தைத்து மிதவை செய்து தடுத்துப் பார்த்தார்கள். தலைமுடியை வெட்டிக்கூடக் கொடுத்தார்கள்.

டாங்கர் இல்லாத கப்பலுக்கு சி.எல்.சி. இல்லை. பன்னாட்டு நிதியமும் இல்லை. 2001இல் எழுதி 2008இல் நடப்புக்கு வந்த பங்கர் உடன்படிக்கை உண்டு. அதில் ஒரு நல்ல அம்சம்: பதிவுபெற்ற முதலாளி மட்டுமல்ல, கப்பலை நடத்துபவரும் வெறுங்கப்பலாக வாடகைக்கு எடுத்தவரும் பொறுப்பு. ஆனால் அதற்கென்று தனி வரம்பு இல்லை. எல்லாக் கடல் நஷ்டத்துக்கும் பொதுவான பழைய வரம்புச் சட்டத்தைக் கைகாட்டிவிடுகிறது. அங்க்டாட் என்ற ஐ.நா. அமைப்பு போட்ட கணக்கு இது: வகாஷியோவுக்கு அதிகபட்சம் சுமார் 6.5 கோடி டாலர். அதே எண்ணெயை ஒரு டாங்கர் கொட்டியிருந்தால் 28.6 கோடி வரை கேட்டிருக்கலாம். எண்ணெய் அதே எண்ணெய். பவளப்பாறைக்கு அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரியும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

எல்சா 3 கன்டெய்னர் கப்பல். அதனால் கேரளாவுக்கும் நிதியம் என்ற இரண்டாவது கதவு இல்லை.

வடசென்னை_வாசியின் லாரிக் கேள்விக்கு வருகிறேன். வரம்பை உடைக்க முடியும். நஷ்டம் வரவேண்டும் என்ற எண்ணத்தோடு முதலாளியே செய்தார், அல்லது வரும் என்று தெரிந்தே துணிந்து செய்தார் என்று காட்ட வேண்டும். மாலுமியின் தப்பு போதாது. முதலாளியின் சொந்தத் தப்பாக இருக்கவேண்டும். நிரூபிப்பது மிகக் கடினம். ஆனால் நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் பிரான்ஸ் கரைக்கு அப்பால் உடைந்த எரிகா வழக்கில், கப்பலை வாடகைக்கு எடுத்த டோட்டல் நிறுவனம் உடன்படிக்கையின் மறைவில் ஒளிய முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 செப்டம்பர் 25இல் தீர்ப்பளித்தது. கப்பலுக்குத் தகுதிச் சான்று கொடுத்த நிறுவனமும் மாட்டியது. இயற்கைக்கு நேர்ந்த கேடே தனி நஷ்டம் என்றும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்.

திருக்கோவில்_கரை:

வணக்கம். நான் இலங்கை, அம்பாறை மாவட்டம். 2020 செப்டம்பர் 3 எங்கட சங்கமன்கண்டிக்கு நேரே நியூ டயமண்ட் என்ற டாங்கர் எரிந்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போன கப்பல். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து தீயை அணைத்தபடியால் சரக்கு தப்பியது. அந்த எண்ணெய் முழுக்க இறங்கியிருந்தால் நாங்கள் இண்டைக்கு இந்தக் கரையில் இருந்து கதைத்திருக்க மாட்டோம்.

ஆனால் அடுத்த வருஷம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தது தப்பவில்லை. அது எண்ணெய்க் கதை இல்லை, பிளாஸ்டிக் குருணை, அமிலம். அதே வரம்புக் கதை என்பதால் சொல்கிறேன். முதலாளி லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், தன்ர பொறுப்பு சுமார் 1.9 கோடி பவுண்ட் மட்டும்தான் என்று வரம்பு வாங்கினார். 2025 ஜூலையில் எங்கட உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கட்டு என்றது. முழுக்கக் கட்ட மாட்டோம் என்று கம்பெனி பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு கொழும்பில், பணம் வேறு எங்கோ. நீங்கள் கப்பலைப் பிடித்து வைத்தது கெட்டித்தனம். எங்களிடம் அப்படிப் பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எர்ணாவூர்_மகன்:

எல்லாருக்கும் நன்றி. திருக்கோவில் அண்ணா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

கடல்வழக்கு அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி. வரம்பு பெரிதோ சிறிதோ, அந்தப் பணத்தில் அப்பா மாதிரி ஆளுக்கு வழி இருக்கிறதா? எழுத்தில் ஒன்றுமில்லாதவனுக்கு?

பழவேற்காடு_செல்வி:

நானும் இதைத்தான் கேட்க வந்தேன். கூடவே இன்னொன்று. அம்மா மீன் விற்பவர். படகு இல்லை, வலை இல்லை, ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். எண்ணெய் வந்தால் படகுக்காரருக்கு நிவாரணம் பற்றிப் பேசுகிறார்கள். கூடைக்காரிக்கு என்ன?

கடல்வழக்கு:

நிதியத்தின் நடைமுறைப்படி சொல்கிறேன். சுத்தம் செய்த செலவு, கெட்டுப்போன வலை, படகு, அதனால் போன வருமானம் எல்லாம் கேட்கலாம். சொத்து எதுவும் கெடாமல் வருமானம் மட்டும் போயிருந்தாலும் கேட்கலாம். கறைபட்ட கடலுக்கும் உங்கள் பிழைப்புக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கவேண்டும், அவ்வளவுதான். செல்வி, உங்கள் அம்மாவின் பிழைப்பு முழுக்க அந்தக் கரை மீனை நம்பித்தான் என்று காட்ட முடிந்தால் அவரும் கேட்கலாம். கூடையா படகா என்பது கேள்வி இல்லை.

எதைக் கேட்க முடியாது? "கடல் இத்தனை சதுர மைல் கெட்டது, மைலுக்கு இவ்வளவு" என்ற சூத்திரக் கணக்கு. 1979இல் சோவியத் யூனியன் ஒரு கப்பல் வழக்கில் அப்படிக் கேட்டது, அடுத்த வருஷமே நிதிய நாடுகள் அந்த வழியை மூடிவிட்டன. எனக்கு அது பெரிய குறை. ஆனால் இன்றைய நிலை அது.

எழுத்தில் இல்லாதவர்களுக்கும் நிதியம் பணம் கொடுத்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் கிமாராஸ் தீவருகே சோலார் 1 என்ற சின்ன டாங்கர் மூழ்கியது. சுமார் 2,000 டன் எரிபொருள் எண்ணெய் சரக்கு. கரையோரச் சிறு மீனவர்கள் ஆயிரக்கணக்கில் மனுப் போட்டார்கள். 26,000 கோரிக்கைகளுக்கு மேல் பணம் கிடைத்தது. யாரிடமும் ஜி.எஸ்.டி. பில் இல்லை. எந்த ஊரில் எத்தனை படகு, எந்த வலை, எந்தப் பருவத்தில் என்ன மீன், சந்தை விலை என்ன என்று ஊரளவில் கணக்கெடுத்து மதிப்பிட்டார்கள். ஆனால் அதற்கு ஊர் ஒன்றாக நின்று தகவல் கொடுக்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, காலக்கெடு: நஷ்டம் ஏற்பட்ட மூன்று வருஷத்துக்குள் வழக்கு, எப்படியும் சம்பவத்திலிருந்து ஆறு வருஷம். அரசோடு பேசிக்கொண்டே இருந்து கெடுவைத் தவறவிட்டால் உரிமை போய்விடும். இன்னொன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெய்க்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அது கரையிலிருந்து வந்தது. அதற்குப் பசுமைத் தீர்ப்பாயம், மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் என்று வழியே வேறு. எண்ணெய் கரையில் ஒதுங்கியதும் முதலில் ஒரு சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி, சாட்சியோடு ஒட்டி வையுங்கள். எந்தக் கப்பலின் எண்ணெய் என்று ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

கொரம்பள்ளம்_மேட்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். கைபேசியில் எடுக்கிற படத்தில் இடம், நேரம் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் எங்கே, எந்த நேரத்தில் போயின என்பது ஏ.ஐ.எஸ். பதிவில் (கப்பல் தன் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் கருவியின் பதிவு) இருக்கும். உங்கள் படமும் அதுவும் ஒத்துப்போனால் பிடி இறுகும். நாங்கள் கப்பலில் ஒவ்வொரு மணி நேரமும் லாக் புத்தகம் எழுதுகிறோம். முதலாளி அதை வைத்துத்தான் வாதாடுவான். கரையிலும் ஒரு லாக் புத்தகம் இருக்கட்டும்.

வடசென்னை_வாசி:

வரம்பு விஷயத்தில் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. டாங்கர் இல்லாத கப்பல்களுக்கும் நிதியம் வேண்டும் என்று நம் நாடு உலக மேடையில் கேட்கவேண்டும், அதை விடப்போவதில்லை. ஆனால் பாட்டில், நோட்டு, படம், இது மூன்றையும் எங்கள் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன்.

எர்ணாவூர்_மகன்:

நேற்று இரவு அப்பாவிடம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "எட்டு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே" என்றார். அப்புறம் அவரே கடைக்குப் போய் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தார். தேதி, கிளம்பின நேரம், எந்தப் பக்கம், எந்த வலை, டீசல், மீன், ஏலத்தில் போன விலை, எடுத்தவர் பெயர் என்று கோடு போட்டிருக்கிறேன். ஏலக்காரரிடம் தினமும் கையெழுத்து கேட்டிருக்கிறோம், சம்மதித்துவிட்டார். பக்கத்துப் படகுக்காரர் இரண்டு பேரும் தங்களுக்கும் எழுதித் தரச் சொல்கிறார்கள்.

இன்று முதல் பக்கம். காலை 4 மணி, வடக்கே, நெத்திலி வலை. டீசல் 12 லிட்டர். நெத்திலி மூன்று கூடை, காரப்பொடி அரைக் கூடை. விலையை மாலையில் எழுத வேண்டும், ஏலக்காரர் இன்னும் கணக்கு முடிக்கவில்லை.